லாலாக்கடைத் தெருவின் பொதுத் தூக்கம்

சீனிப்புதூரில் தூக்கத்தைக் கைமாற்றாகக் கொடுத்து வாங்கிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. அடுத்த வீட்டில் உறைமோர் கேட்பது மாதிரி, "யக்கா, மத்தியானத் தூக்கம் கொஞ்சம் மிச்சமிருந்தாப் போடுங்களேன்" என்று கூச்சமில்லாமல் கேட்பார்கள். அவர்களும் "இதுக்கென்ன, எடுத்துக்கோ" என்று கொடுத்துவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விடுவார்கள். இப்படி ஊரே பஞ்சமில்லாமல் உறங்கிக் கிடந்த அந்தக் காலத்தில், கண்ணை மூடியும் தூக்கம் வராத ஒருத்தி மட்டும் இருந்தாள். செண்பகவல்லி என்று பெயர். லாலாக்கடைத் தெருவில், அல்வாக் கடைக்கு எதிரில், 'செண்பகம் கிராபிக்ஸ்' என்று போர்டு மாட்டிக் கல்யாணப் பத்திரிகை அடித்துக் கொடுக்கிறவள்.

அடித்துக் கொடுக்கிறவள் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டுப் போனால் அவளுக்குக் கோபம் வரும். சுத்துப்பட்டு ஊர்களில் எந்தக் கல்யாணமும் முதலில் அவள் கம்ப்யூட்டரில் நடந்து முடிந்து, பிறகுதான் மண்டபத்தில் நடக்கும். யார் வந்து உட்கார்ந்தாலும் ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்துவிட்டு அவள் கேட்கிற முதல் கேள்வி, "மாப்பிள்ளை பேருக்குப் பின்னால என்ன படிப்பு போடணும்?" என்பதுதான். பி.இ. என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறவர்களுக்கும் அடிப்பாள், பத்தாம் வகுப்பு என்று இழுக்கிறவர்களிடம், "படிப்ப விடுங்க, தொழிலப் போடுவோம், அதுதான் பாக்க எடுப்பா இருக்கும்" என்று அவர்கள் முகம் வாடாமல் பார்த்துக்கொள்வாள். தாலி எடுத்துக் கொடுக்காத குறைதான் என்று பக்கத்து ஸ்டுடியோ சிகாமணி அண்ணாச்சி கேலி செய்வார்.

ஆனால் பாருங்கள், ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பத்திரிகை அடித்தவள் தன் பிள்ளைக்கு அடிக்கவில்லை. ஒரே மகள் சங்கவி, தகப்பன் இல்லாமல் அந்தக் கடையிலேயே பேப்பர்க் கட்டுகளின் மேல் படுத்துத் தூங்கி வளர்ந்தவள், புனேயில் வேலைக்குப் போன இடத்தில் ஒரு பையனைப் பிடித்திருக்கிறது என்று வந்து நின்றாள். செண்பகவல்லி என்னென்னவோ கேட்டாள். எந்த ஊர், என்ன ஆட்கள், என்ன பாஷை, நான் இந்த முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்ள என்றெல்லாம் கேட்டவள், எல்லோரிடமும் கேட்கிற அந்த முதல் கேள்வியை மட்டும் கேட்கவில்லை. "போறதுன்னா போ, இந்த வாசப்படிய இனி மிதிக்காத" என்று முடித்துவிட்டாள். மகள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள், அழுதாள், சாயந்தர பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

அவள் போன சூட்டோடு செண்பகவல்லி ஒரு காரியம் செய்தாள். கடைக் கம்ப்யூட்டரில் 'பொது' என்று ஒரு போல்டர் இருந்தது. கோயம்புத்தூரில் காலேஜ் படித்தபோது சங்கவி செய்து வைத்தது. அம்மா பகலெல்லாம் பத்திரிகை அடித்து அதில் போட்டால் நெட் வழியாக மகளின் லேப்டாப்பில் போய் நிற்கும், மகள் எழுத்துப்பிழை பார்த்துத் திருப்பிப் போட்டால் இங்கே வந்து நிற்கும். அம்மாவுடையது விண்டோஸ், மகளுடையது லினக்ஸ். அது பேசுவது இதற்குப் புரியாது, இது பேசுவது அதற்குப் புரியாது, ஆனாலும் சங்கவி ஏதோ செய்து இரண்டையும் அக்கா தங்கச்சி மாதிரிப் பழக வைத்திருந்தாள். திரையில் இருந்த அந்தப் போல்டர் படத்தை இழுத்துக்கொண்டு போய்க் குப்பைத்தொட்டியில் போட்டு, குப்பைத்தொட்டியையும் காலி பண்ணிவிட்டு, "முடிஞ்சு போச்சு" என்று செண்பகவல்லி வாய்விட்டே சொன்னாள். அன்றைக்குப் படுத்தவளுக்குத் தூக்கம் வரவில்லை, மறுநாளும் வரவில்லை, அப்புறம் வரவே இல்லை. வெளியில் யாரிடமும் அவள் அதைச் சொல்லவில்லை.

சங்கவி போனதில் லாலாக்கடைத் தெருவுக்கும் ஒரு நஷ்டம் உண்டு. சிகாமணி அண்ணாச்சி ஸ்டுடியோவில் இருந்தது மேக். அதைப் புதுப்பெண் மாதிரிப் பூத்துண்டு போட்டு மூடித்தான் வைப்பார். எதிர்ச் சாரியில் கிளை நூலகத்து மாடியில் பர்வீன் டீச்சர் பிள்ளைகளுக்குச் சும்மா கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தாள், அங்கே எல்லாம் லினக்ஸ். மாப்பிள்ளை பெண் போட்டோ மேக்கில், எழுத்து விண்டோஸில், பிழை பார்க்கிறது இப்போது பர்வீன் டீச்சரின் லினக்ஸில் என்று ஒரே பத்திரிகை மூன்று வாசல் ஏறி இறங்க வேண்டியிருந்தது. பென் டிரைவில் கொண்டு போனால் மேக் வாசித்துப் பார்க்கும், எழுதச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். விண்டோஸில் முத்து முத்தாக இருந்த தமிழ் அந்தப் பக்கம் போனால் கட்டம் கட்டமாகிவிடும், மணமகன் பெயர் இருந்த இடத்தில் ஜன்னல் ஜன்னலாக நிற்கும். "இது கல்யாணப் பத்திரிகையா, காம்ப்ளக்ஸ் பிளானா?" என்பார் அண்ணாச்சி.

பொறுக்கமாட்டாமல் ஒரு சித்திரை மாதத்தில் பர்வீன் டீச்சர் நீல நிற வயர் ஒன்றை வாங்கி, மூன்று இடத்தையும் தெருவுக்கு மேலாக, அல்வாக் கடைப் பந்தலில் ஒரு முடிச்சுப் போட்டு இணைத்தாள். எல்லோருக்கும் பொதுவாக ஒரு போல்டரும் செய்தாள். அண்ணாச்சி ஒரு மாப்பிள்ளை போட்டோவை அதில் போட்டுவிட்டு வழக்கம்போல மத்தியானம் சாய்ந்தார். இந்தப் பக்கம் பர்வீன் டீச்சர் திறந்து பார்த்தால் போட்டோவோடு பெயரில்லாமல் இன்னொன்றும் கிடந்தது. என்னவோ ஏதோ என்று அதைத் திறந்தாள். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கீபோர்டில் தலைசாய்த்துக் குறட்டை விட ஆரம்பித்தாள். எழுந்தபோது, தான் குளத்தில் தூண்டில் போட்டதாகவும் மீனெல்லாம் சதுரம் சதுரமாக வந்ததாகவும் சொன்னாள். அந்த நேரத்தில் சிகாமணி அண்ணாச்சி கண்ணைக் கழுவிவிட்டது மாதிரி விழித்துக்கொண்டு, "எவன்டா என் தூக்கத்த எடுத்தது?" என்று தெருவில் வந்து நின்றார். குளத்தில் தூண்டில் போடுகிறவர் அவர்தான்.

இது எப்படி நடக்கும் என்று வேறு ஊராக இருந்தால் கேட்டிருப்பார்கள். சீனிப்புதூர்க்காரர்கள் கேட்டது, "எங்க வீட்டுக்கும் வயர் எட்டுமா?" என்றுதான். வயர் எட்டியது. முதலில் அல்வாக் கடை, பிறகு பஸ் டிரைவர் வீடு, மாதா கோயில் தெரு, மார்க்கெட் என்று நீல வயர் ஊர்மேல் துணிக்கொடி மாதிரி ஓடியது. ராத்திரி வண்டி ஓட்டுகிற டிரைவர் பகலில் உளுந்து காய வைத்துக்கொண்டே கண் சொக்குகிற கிழவர்களிடம் வாங்கிக்கொண்டார், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் தொந்தரவாக வந்த தூக்கத்தை நைட் வாட்ச்மேன் பெயருக்குத் தள்ளிவிட்டார்கள், சண்டை போட்டுக்கொண்ட மாமியார் மருமகள் பேசாமலேயே ஒருத்தி தூக்கத்தை ஒருத்திக்குப் போட்டுச் சமாதானம் ஆனார்கள். தூக்கத்தில் காப்பி-பேஸ்ட் என்பதே கிடையாது, கட்-பேஸ்ட் மட்டும்தான், கொடுத்தவருக்கு இருக்காது என்பது இரண்டொரு வாரத்தில் எல்லோருக்கும் பழகிவிட்டது. காய்ச்சல் தூக்கத்தைப் போடக்கூடாது, பள்ளிக்கூடம் போகிற வயசு வராத பிள்ளைகளின் தூக்கத்தை யாரும் தொடக்கூடாது என்று ஊர்க்கூட்டத்தில் பேசி வைத்தார்கள். ஒரு ரிட்டயர்டு தாசில்தாரின் தூக்கம் கசக்கிறது என்று யாரும் எடுக்கவில்லை, மனிதர் அவமானம் தாங்காமல் கொஞ்ச காலம் தெருவில் சிரித்துப் பேசிக்கொண்டு திரிந்தார்.

வந்த தொந்தரவு ஒன்றே ஒன்றுதான், கனவு. ஒரே ரக மிஷினாக இருந்தால் கனவு உள்ளபடி வரும். வேறு ரகத்திலிருந்து வந்தால் ஆட்களின் முகம் கட்டமாக, பேச்சு கட்டமாக, மழை பெய்தால் அதுவும் கட்டம் கட்டமாக விழும். பயந்துபோய் எழுந்து உட்கார்ந்தவர்கள் நிறையப் பேர். பர்வீன் டீச்சர்தான் எல்லா மிஷினும் வாசிக்கிற சாதா வடிவம் ஒன்றில் தூக்கத்தைச் சேமித்துக் கொடுக்க வழி கண்டுபிடித்தாள், என்ன, அதில் போட்டால் கனவு உதிர்ந்துபோய் வெறும் தூக்கம் மட்டும் நிற்கும். அது போதும் என்றவர்கள் அதை எடுத்தார்கள், கனவு வேண்டும் என்றவர்கள் தங்கள் ரகத்து ஆட்களைத் தேடிப் போனார்கள். கடைசியில் தரகர் ஜாதகம் கேட்டுவிட்டு, "பொண்ணு வீட்டுல என்ன மிஷின்?" என்று கேட்கிற அளவுக்குப் போய்விட்டது.

செண்பகவல்லி மட்டும் இதில் கைவைக்கவில்லை. "எனக்கு எதுக்கு? எனக்குத்தான் படுத்தா விடியுற வரைக்கும் தெரியாதே" என்று சொல்லிக்கொண்டு, கண்ணுக்குக் கீழே கறுப்பை மறைக்கப் பவுடர் அப்பிக்கொண்டு வேலை பார்த்தாள். வீம்புக்குப் பிறந்தவள். தூக்கம் இல்லை என்று ஒப்புக்கொண்டால் என்றைக்கிலிருந்து என்று கேட்பார்கள், அதைச் சொல்ல வேண்டிவரும், அதுதான் விஷயம். வேலையில் பிழை விழ ஆரம்பித்தது. தேதி மாறியது, மண்டபம் மாறியது, ஒரு பத்திரிகையில் தாய்மாமன் பெயரை மாப்பிள்ளை இடத்தில் போட்டாள். ஊரில் பொறுத்துக்கொண்டார்கள். ஆனால் பால்பண்ணை பேச்சியம்மாள் மகளின் பத்திரிகையில் அவள் செய்ததை எப்படிப் பொறுப்பது? கருமாதிப் பத்திரிகைக்குப் போடுகிற கறுப்புக் கரையை நல்ல காரியத்துக்குப் போட்டு, கட்டுக்கட்டாக அடித்தும் வைத்துவிட்டாள்.

பேச்சியம்மாள் ஒரு பத்திரிகையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். வந்த வேகத்தில் அல்வாக் கடையில் கிண்டுகிறவன் கரண்டியை நிறுத்திவிட்டான்.

"ஏ செண்பகம், எம்மவ கல்யாணத்துக்கு எழவு ஓலையா அடிச்சு வச்சிருக்க? உனக்கு நான் என்ன பாவம் செஞ்சேன், சொல்லு!"

செண்பகவல்லி பத்திரிகையை வாங்கிப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். கறுப்புக் கரை என்பது அவளுக்குத் தெரிந்தது, அது ஏன் தப்பு என்பது சட்டென்று பிடிபடவில்லை, அவ்வளவு அசந்திருந்தாள். நிமிர்ந்த அவள் கண்ணைப் பேச்சியம்மாள் பார்த்தாள். வாயில் வந்திருந்த அடுத்த வசவை அப்படியே விழுங்கிக்கொண்டாள்.

"யாத்தே, நீ தூங்கி எத்தன நாளுட்டி ஆச்சு?"

செண்பகவல்லி ஸ்டூலில் உட்கார்ந்து அழுதாள். ஊர் முன்னால் அவள் அழுதது அதுதான் முதல் தடவை. பேச்சியம்மாள் அவள் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டு, கூடி நின்றவர்களைப் பார்த்து, "என்ன வேடிக்க? வீட்டுக்குப் போயி ஆளுக்குக் கொஞ்சம் இவளுக்குப் போடுங்க. நானும் போடுதேன். பத்திரிகை என்ன பத்திரிகை, மறுபடி அடிச்சாப் போச்சு" என்று அதட்டினாள்.

போட்டார்கள். அல்வாக் கடைக்காரர் அடுப்படிச் சூட்டில் வருகிற கிறக்கத் தூக்கத்தைப் போட்டார், சிகாமணி அண்ணாச்சி தூண்டிலோடு சேர்த்து முழு மத்தியானத்தையும் போட்டார், தாசில்தார்கூட "கசக்கும், மருந்துன்னு நெனச்சுக்கட்டும்" என்று சொல்லிப் போட்டார். செண்பகவல்லியின் திரையில் ஒவ்வொன்றாக வந்து விழுந்தது. அவள் கையை வைப்பதற்குள் ஒவ்வொன்றாகக் காணாமலும் போனது. ஊரே சேர்ந்து ஊற்றியும் குடம் நிறையவில்லை. அதுமட்டுமா, அவள் கம்ப்யூட்டர் வழியாக மற்ற வீட்டுத் தூக்கமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிய ஆரம்பித்து, டிரைவர் வீட்டிலும் மார்க்கெட்டிலும் ஆட்கள் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு ஒருவர்மேல் ஒருவர் எரிந்து விழுந்தார்கள்.

பர்வீன் டீச்சர் ஒரு நாள் மத்தியானம் கடைக்கு வந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அவள் மிஷினில் எதை எதையோ திறந்து பார்த்தாள். சிகாமணி அண்ணாச்சியும் பின்னால் வந்து நின்றார்.

"அக்கா, எல்லாம் ஒரே எடத்துக்குத்தான் போகுது" என்றாள் டீச்சர். "உங்க 'பொது' போல்டர் வழியாப் போகுது. அதுல உங்க பேரும் இன்னொரு பேரும் இருக்கு."

"அந்தப் போல்டரத்தான் நான் அன்னைக்கே அழிச்சிட்டேனே!"

"நீங்க அழிச்சது வாசல்ல மாட்டியிருந்த போர்ட மட்டும். வீடு அப்படியேதான் இருக்கு, ஆளும் உள்ளதான் இருக்கா."

செண்பகவல்லி திரையைப் பார்த்தாள். சங்கவி என்று தமிழில் பளிச்சென்று இருந்தது, கட்டமில்லாமல், ஒரு பிழையில்லாமல். இந்தப் பெயரை நான் அழித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு மூன்று தீபாவளி கழித்திருக்கிறாள். அந்த நாளெல்லாம் அவளுக்கு வர வேண்டிய தூக்கம் ஒன்று விடாமல் இந்தப் பெயருக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

"இந்தப் பேர எடுத்துட்டாப் போதுங்க்கா" என்று டீச்சர் மெதுவாகச் சொன்னாள். "கசிவு நின்னுரும். உங்க தூக்கம் உங்ககிட்டயே நிக்கும், இன்னைக்கே படுத்துத் தூங்கலாம். இந்தா, இத அமுக்குங்க."

அமுக்கினாள். மிஷின் சும்மா இருக்காமல், 'நிச்சயமாக நீக்கவா?' என்று ஒரு கேள்வியைக் கொண்டுவந்து வைத்தது. ஆம் என்று ஒன்று, வேண்டாம் என்று ஒன்று.

"கேக்கிறதப் பாரு, சவம்" என்றாள் செண்பகவல்லி. மவுஸை இப்படி நகர்த்தினாள், அப்படி நகர்த்தினாள். ஆம் என்பதன் மேல் கொண்டுபோய் வைத்தாள். விரலைத் தூக்கினாள். அல்வாக் கடையில் நெய் வாசம் வந்தது, தெருவில் ஒரு சைக்கிள் போனது, விரல் தூக்கியபடியே இருந்தது.

"அமுக்கு தங்கச்சி, ஒரு நொடிச் சோலி" என்றார் அண்ணாச்சி.

"அன்னைக்கு கண்ணு தெரியாத கோவத்துல அழிச்சேன் அண்ணாச்சி" என்றாள். "இன்னைக்குக் கண்ணத் தொறந்துக்கிட்டு எப்படி அழிக்க?"

வேண்டாம் என்பதை அமுக்கினாள். எழுந்து போய் நாற்காலியைப் போட்டு ஏறி, ஊருக்குப் போகிற நீல வயரைத் தன் கையாலேயே பிடுங்கிக் கீழே போட்டாள். "ஊர்க்காரங்க தூக்கம் இனிமே போகாது. என்னோடது போறது போகட்டும்" என்று சொல்லிவிட்டு, பேச்சியம்மாளின் பத்திரிகையைச் சிவப்புக் கரை போட்டுத் திரும்ப அடிக்க உட்கார்ந்தாள். சிகாமணி அண்ணாச்சி வந்த கோபத்தில், "இவ செத்தாலும் வீம்புலதான் சாவா" என்று கத்திவிட்டு ஸ்டுடியோவுக்குப் போனார், போய்த் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

ஊர் மறுபடி தூங்கியது. செண்பகவல்லி மெலிந்துகொண்டே வந்தாள். எதிரில் பேசுகிறவர்கள் பாதிப் பேச்சில் இரண்டிரண்டாகத் தெரிந்தார்கள். ஒருநாள் படி இறங்கும்போது விழுந்து நெற்றியில் அடிபட்டது. இப்படியே விட்டால் ஆடி தாண்டமாட்டாள் என்று பர்வீன் டீச்சரிடம் டாக்டர் சொன்னார், டீச்சர் அவளிடமே சொன்னாள். கேட்டுவிட்டுக் கையிலிருந்த பத்திரிகையை மடித்து வைத்தாள். பிறகு போனை எடுத்தாள். நம்பரைத் தேட வேண்டியிருக்கவில்லை, விரலுக்குத் தெரிந்திருந்தது.

"அம்மா?" என்றது அந்தப் பக்கம். "அம்மா, நீதானா?"

"நான்தான். உன் மிஷின்ல என் சாமான் கொஞ்சம் வந்து கெடக்காம். பர்வீன் டீச்சர் சொன்னாவ. அதுக்குத்தான் போட்டேன், வேற ஒண்ணுமில்ல."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"கெடக்கும்மா. நீ அன்னைக்கு என்னய அனுப்பின நாள்ல இருந்து தினம் ஒண்ணு வருது. பேரும் இல்ல ஊரும் இல்ல. திறந்தா திறக்க மாட்டேங்கு. ஆபீஸ்ல எல்லார்ட்டயும் காட்டிப் பாத்தேன், இது நம்ம மிஷின்ல திறக்காது, அழிச்சிருன்னாங்க. எனக்கு மனசு வரல."

"எடத்த அடைச்சிட்டுக் கெடக்குமே."

"அடைச்சிட்டுத்தான் கெடக்கு. என் போட்டோ எல்லாத்தையும் அழிச்சு எடம் பண்ணிக் குடுத்தேன்."

செண்பகவல்லி அதட்டலாகக் கேட்டாள்: "ஏட்டி, இத்தன நாளா வருதே, அம்மா இது என்னன்னு ஒரு போனு போட்டுக் கேட்டுருக்கக் கூடாதா?"

"கேட்டா நீ நிறுத்திருவியோன்னு பயம்மா."

செண்பகவல்லி போனைக் காதிலிருந்து எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டாள். மகள் தன்னைத் திரும்பிப் பார்க்கவில்லை என்று இவள் இங்கே வெந்துகொண்டிருந்தாள், அவளோ அங்கே திறக்க முடியாத ஒன்றைத் தினமும் வாங்கி வைத்துக்கொண்டு அம்மா இன்னும் என்னை விடவில்லை என்று இருந்திருக்கிறாள். மறுபடி காதில் வைத்தபோது வேறொரு சத்தம் கேட்டது.

"அது என்ன சத்தம்?"

"பிள்ளைம்மா. பொட்டப் பிள்ள. பங்குனில பெறந்தா. தூங்கவே மாட்டேங்கா, இருபத்திநாலு மணி நேரமும் இடுப்புலதான். இப்பகூட நின்னுக்கிட்டேதான் பேசுறேன்."

"நீ தூங்கி எத்தன நாளாச்சு?"

"அத ஏன் கேக்க."

செண்பகவல்லி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். குரலில் பழைய கடைக்காரி வந்துவிட்டாள். "இந்தா பாரு. நம்ம ஊரத் தாண்டினா அது உள்ளபடி திறக்காது, அங்க கெடக்க அம்புட்டையும் இங்க அனுப்பு. இங்க வச்சு சாதா வடிவத்துல மாத்திப் பாதிய உனக்குத் தாரேன். பாதி எனக்கு. பிள்ளயத் தூக்கி அவ அப்பன்கிட்ட குடுத்துட்டுப் படு."

பக்கத்தில் நின்ற பர்வீன் டீச்சர், "அக்கா, சாதா வடிவத்துல போட்டாக் கனவு போயிரும்" என்று ஞாபகப்படுத்தினாள்.

"பிள்ளக்காரிக்குக் கனவு எதுக்கு? கண்ணசந்தாப் போதும்."

மத்தியானம் பூராவும் தூக்கம் வந்து இறங்கியது. கார்த்திகைத் தூக்கம், மழைத் தூக்கம், பொங்கலுக்கு மறுநாள் அசதித் தூக்கம் என்று அவள் தூங்காமல் விட்டதெல்லாம் வந்தது, ஒன்றுகூடப் பிரிக்காமல். பாதியை மாற்றி மாற்றி அனுப்பினாள். அந்தப் பக்கம் சங்கவி ஏதோ சொல்ல வந்து, பாதி வார்த்தையில் குழறி, போனை வைக்காமலேயே உறங்கிப்போனாள். அவள் மூச்சு விடுகிற சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, தன் பங்கில் எல்லாவற்றுக்கும் முந்தியதை, மகள் பஸ் ஏறின அன்றைக்கு வந்திருக்க வேண்டியதை, செண்பகவல்லி திறந்தாள்.

நாற்காலியில் உட்கார்ந்தபடியே சாய்ந்துவிட்டாள். அல்வாக் கடைக்காரர் கரண்டி சத்தம் வராமல் கிண்டினார். பத்திரிகை அடிக்க வந்த இரண்டு குடும்பங்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தன. பஸ் டிரைவர் அந்தத் தெருவைக் கடக்கும்போது ஹாரன் அடிக்காமல் கையை மட்டும் வெளியே நீட்டி ஆட்டிவிட்டுப் போனார். பர்வீன் டீச்சர் கிடந்த நீல வயரை எடுத்து மறுபடி சொருகினாள், அந்தப் பக்கம் போனதெல்லாம் திரும்பி வர வழி பிறந்துவிட்டதால் ஒன்றும் கசியவில்லை.

சிகாமணி அண்ணாச்சியின் திரையில் மட்டும் செண்பகவல்லியின் கனவு லேசாக நிழலாடியது. ரகம் வேறாயிற்றே, எல்லாம் கட்டம் கட்டமாகத்தான் தெரிந்தது. அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். "ஒரு எழவும் வெளங்கல" என்றார் பக்கத்தில் நின்ற பேச்சியம்மாளிடம். "ஒரு பெரிய கட்டம். உள்ள சின்னச் சின்னக் கட்டம். நாலு மூலையிலும் மஞ்சளா ஏதோ இருக்கு."

பேச்சியம்மாள் குனிந்து பார்த்தாள். மகள் கல்யாணத்துக்குக் கட்டுக்கட்டாகப் பத்திரிகை மூலையில் மஞ்சள் தடவிய கை அவளுடையது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

செண்பகவல்லி விழித்தபோது தெருவில் மறுநாள் மத்தியான வெயில் நின்றது. பெஞ்சில் இருந்தவர்கள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்திருந்தார்கள். அவள் முகத்தைத் துடைக்கக் கையைத் தூக்கினாள். பத்து விரல் நகக்கண்ணிலும் மஞ்சள் ஏறியிருந்தது, ஈரங்கூடக் காயவில்லை. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். எழுந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், கையைக் கழுவவில்லை. திரையில் ஒரு புதுத் தாளைத் திறந்து, சுற்றிலும் சிவப்புக் கரை போட்டு, நடுவில் மகள் பெயரை அடித்தாள். அதற்கு எதிர்ப் பக்கத்தில் இடம் விட்டாள். போனை எடுத்தாள்.

"யம்மா, இப்பத்தான் முழிச்சேன்" என்றாள் சங்கவி. குரலில் தூக்கம் அப்பியிருந்தது. "என்னம்மா?"

"ஒண்ணுமில்ல" என்றாள் செண்பகவல்லி. "உன் மாப்பிள்ளை பேருக்குப் பின்னால என்ன படிப்பு போடணும்?"